காகம் விரட்டிய கை

சென்ற மாதம் கண்டி, கட்டுக்கலையிலுள்ள எமது பழைய வீட்டின் அலுமாரியைத் துப்புரவு செய்யப் புகுந்தோம். மஞ்சளேறிய கடிதக் கட்டுகளுக்கிடையே உள்ளங்கையளவான கறுப்பு நெகிழ்வட்டு ஒன்று அகப்பட்டது. அதன்மேல் "அம்மா 2" என்று எமது கையெழுத்திலேயே எழுதியிருந்தது. முதலாவது வட்டு கனடாவிலே, எம் அக்காவிடம் இருக்கிறது. இரண்டாவது ஏன் வேண்டியதாயிற்று என்பதே ஒரு கதை.

1993ஆம் ஆண்டு ஒரு விடியற்காலை அக்காவும் அத்தானும் ரொறன்ரோவுக்குப் புறப்பட்டார்கள். கட்டுநாயக்காவுக்குச் செல்லும் வான் வாயிலில் நின்றது. அம்மா படலையருகில் நின்று கையசைத்தார். அப்பாவின் கமெராவில் எஞ்சியிருந்த இறுதி நான்கு படங்களும் அக்கணத்துக்கே செலவாயின. ஆனால் வானின் பின்னாசனத்தில் பெட்டிகளுக்கிடையே சிக்குண்டிருந்த அக்காவோ திரும்பிப் பார்க்க இயலாமற் போய்விட்டார். "அம்மா கையசைத்ததை நான் காணவில்லை" என்று பின்னர் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரி எழுதுவார். அந்நான்கு படங்களையும் தபாலில் அனுப்பினோம். அதன்பின்னும் அவ்வரி நிற்கவில்லை.

1996இல் எம் வீட்டில் பழைய 386 கணினி ஒன்று வந்து சேர்ந்தது. முதலில் நாம் உயிரூட்ட முயன்றது எசல பெரஹராவின் யானைக்கு. அதன் திரையில் குறுக்கே 320, நெடுக்கே 200 புள்ளிகள். ஆக ஒரு படத்துக்கு 64,000 பைற்றுகள். 1.44 மெகாபைற்று வட்டில் அத்தகைய படங்கள் இருபத்திரண்டுக்கு மேல் அடங்கா. விநாடிக்குப் பத்துப் படம் வீதம் காட்டினால் இரண்டு விநாடியில் எல்லாம் தீர்ந்துவிடும். எம் யானை நாலாவது அடியை எடுத்து வைக்குமுன்னரே வட்டு நிறைந்துவிட்டது. யானையை விட்டு அம்மாவிடம் வந்தோம்.

வீடியோ எடுத்து அனுப்பலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். கமெரா வாங்க வசதியில்லை என்பது ஒருபுறமிருக்க, அக்காலத்தில் இலங்கையின் தொலைக்காட்சி முறை பால், கனடாவினது என்.ரி.எஸ்.சி. இங்கே பதிந்த நாடா அங்கே சாதாரணக் கருவியில் ஓடாது. அத்தானின் அலுவலகத்தில் கணினி இருந்தது. ஆனால் சித்திர மென்பொருள் எதுவும் அதில் இல்லை, புதிதாக ஏற்றவும் அனுமதியில்லை. ஆகவே வட்டை இட்டுப் பெயரைத் தட்டச்சுச் செய்தவுடன், வேறெதன் துணையுமின்றித் தானே ஓடும் கோப்பு வேண்டும். கிராஸ்ப் என்னும் மென்பொருளின் நான்காம் பதிப்பு இவ்வாறு படங்களைத் தனி நிரலாகக் கட்டித் தரவல்லது. எம்மிடம் அஃது இல்லை. டர்போ பாஸ்கல் இருந்தது.

இரவல் வாங்கிய கைவருடியால் நான்கு படங்களையும் கணினிக்குள் ஏற்றி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மீண்டும் மூன்று, இரண்டு என்று சுழல விட்டோம். அம்மாவின் கை அசைந்தது உண்மை. ஆனால் படலையும் சுவரும் பின்னாலிருந்த பலாமரமுமே நிலநடுக்கம் கண்டவை போல் ஆடின! அப்பா கமெராவைக் கையிற் பிடித்தபடி எடுத்த படங்களன்றோ? மூன்று இரவுகள் விழித்திருந்து, முதற்படத்தை அப்படியே வைத்து, ஏனையவற்றிலிருந்து கையை மட்டும் வெட்டியெடுத்து அதன்மேல் ஒட்டினோம். வீடு அசையாமல் நின்றது. கோப்பும் வெகுவாகச் சிறுத்தது.

இவ்வுபாயத்தை நாமே கண்டுபிடித்ததாகக் கொஞ்சநாள் பெருமைப்பட்டோம். படத்துக்குப் படம் மாறும் பகுதியை மட்டும் சேமிக்கும் முறையை, 1989இல் வெளிவந்த ஓட்டோடெஸ்க் அனிமேற்றரில் ஜிம் கென்ற் என்பவர் முன்பே கையாண்டிருந்தார். (அதே கென்ற்தான் 2000ஆம் ஆண்டில் மனித மரபணுத் தொகுதியின் துண்டுகளை ஒன்றிணைக்கும் நிரலையும் எழுதினார். வெட்டி ஒட்டும் வித்தை எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது, பாருங்கள்!)

அம்மாவை அழைத்துக் காட்டினோம். சற்றுநேரம் பார்த்தவர், "கைதான் ஆடுது. நான் எங்கே?" என்றார்.

அக்கேள்வி உறங்கவிடவில்லை. நான்கு படங்களில் மூன்றாவதில் அம்மா கண்ணை மூடியிருந்தார். பழுதான படம் என்று அப்பா அதனை ஆல்பத்திலும் சேர்க்கவில்லை. அந்த மூடிய கண்களைப் பெயர்த்தெடுத்து, நான்கு கையசைப்புக்கு ஒருமுறை முகத்தில் பொருத்தினோம். அம்மா இமைத்தார். இம்முறை அழைத்துக் காட்டியபோது ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

அவ்வாண்டு மழை பொய்த்து நாடெங்கும் மின்வெட்டு. கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா அணைக்கட்டு நிற்க, நாம் குப்பிவிளக்கின் கீழ்த் தாளில் நிரல் எழுதி, மின்சாரம் வந்ததும் ஓடிச்சென்று தட்டச்சுச் செய்தோம். ஒருவாறு வட்டைத் தபாலில் சேர்த்தோம். ஒரு மாதங் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. "அம்மா ஏன் காகம் விரட்டுகிறார்?" என்று கேட்டிருந்தார்.

தவறு எம்முடையதே. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கணினியை இரண்டு இலட்சம் வரை வெறுமனே எண்ணச் செய்திருந்தோம். எமது 386க்கு அது நிதானமான கையசைப்பின் நேரம். அத்தானின் அலுவலகத்திலிருந்ததோ பென்ரியம். அவ்வெண்ணிக்கையை நொடிப்பொழுதில் முடித்துவிட்டது. அம்மாவின் கை விசிறிபோற் சுழன்றிருக்கிறது! இத்தகைய கணினிகளுக்குள் விநாடிக்குச் சுமார் 18.2 தடவை துடிக்கும் கடிகாரம் ஒன்றுண்டு. இயந்திரம் எத்துணை வேகமாயினும் அத்துடிப்பு மாறாது. எண்ணிக்கையை நீக்கி, நான்கு துடிப்புக்கு ஒரு படம் என்று மாற்றியமைத்தோம். அதுவே "அம்மா 2". அதற்கு வந்த பதிற்கடிதத்தில் அந்தப் பழைய வரி இல்லை. "கண்ணை எப்படி இமைக்கச் செய்தாய்?" என்று மட்டும் இருந்தது.

அம்மா மறைந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. வட்டை வாசிக்கும் கருவியைக் கடன்வாங்கிக் கோப்பை வெளியே எடுத்தோம். தானே ஓடும் என்று நாம் மார்தட்டிய அக்கோப்பை இன்றைய 64 பிற்று விண்டோஸ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழைய கணினியைப் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்னும் நிரலுக்குள் இட்டபோதுதான் திரை விழித்தது. படலை, பலாமரம், அம்மா.

அன்றிரவே அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னோம்.

"வேகம் சரியா? காகம் விரட்டவில்லையே?" என்றார்.

இல்லை என்றோம்.