வண்டியை உறங்க வைத்தல்

ஒரு பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவர் பலர். அதைப் பயன்படுத்தாத காலத்திலே பேணத் தெரிந்தவர் மிகச் சிலரே. ஓடுகின்ற மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெயும் காற்றும் வேண்டும் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஓடாமல் நிற்கின்ற மோட்டார் சைக்கிளுக்கு அதனிலும் கூடுதலான கவனிப்பு வேண்டும் என்று சொன்னால், "சும்மா நிற்கும் வண்டிக்கு என்ன கேடு வரப்போகிறது?" என்று கேட்பார்கள். கேட்பவர்மீது குற்றமில்லை. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நாட்டிலே வண்டியை ஆறு மாதம் நிறுத்திவைக்கும் தேவை சாதாரணமாக எழுவதில்லை.

குளிர்நாடுகளின் நிலை வேறு. கனடாவின் ரொறன்ரோ நகரிலே நவம்பர் முடிவிலிருந்து ஏப்ரில் வரையும் மோட்டார் சைக்கிளைத் தெருவிற் காண்பது அரிது. பனிக்கட்டி படிந்த வீதியில் இரண்டு சில்லுகளை நம்பிச் செல்வது ஆபத்து. அந்தக் கட்டியை உருக்குவதற்காகத் தெருவெங்கும் உப்பைத் தூவுவார்கள். உப்போ இரும்பை அரித்துவிடும். ஆகவே இலையுதிர்காலத்தின் கடைசி நல்ல நாளொன்றிலே வண்டியை உரிய முறைப்படி ஆயத்தஞ்செய்து, வசந்தம் வரும்வரை உறங்க வைக்கிறார்கள். அந்த ஒருநாள் வேலையைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு 2023 ஆம் ஆண்டு எனக்குக் கிடைத்தது. ஸ்காபரோவில் வசிக்கும் என் அண்ணரின் மகளுக்கு அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் திருமணம் நடந்தது. திருமண ஆரவாரமெல்லாம் அடங்கிய மறுவாரம் ஒரு சனிக்கிழமை காலையில், "தம்பி, இன்றைக்கு எனக்கு வேறு அலுவல் இல்லை. வண்டியைப் படுக்கப் போடவேணும். வந்து நின்று பார்" என்று அண்ணர் என்னைக் கராஜுக்கு அழைத்துச் சென்றார்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்தார். வெயிலிலே சற்று ஓட்டி ஈரம் போக உலர்த்தினார். பின்னர் பெற்றோல் நிலையத்துக்குச் சென்று தாங்கியை வாய்மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தார். "ஆறு மாதம் ஓடாத வண்டிக்கு இத்தனை பெற்றோல் எதற்கு?" என்று நான் வினவினேன். அதற்கு அவர் சொன்ன விளக்கம் விஞ்ஞானம் பயிலும் மாணவர் எவரும் அறிந்து வைத்திருக்க வேண்டியது. அரைவாசி நிரம்பிய தாங்கியில் எஞ்சிய இடத்தைக் காற்று நிரப்பும். காற்றிலே நீராவி உண்டு. இரவிற் குளிரும்போது அந்த நீராவி தகட்டின் உட்புறத்தில் ஒடுங்கித் துளியாகும், அத்துளி துருவாகும். தாங்கி நிறைந்திருந்தால் காற்றுக்கு அங்கே இடமில்லை, துருவுக்கும் இடமில்லை.

பெற்றோலும் நெடுநாள் வைத்திருக்கக்கூடிய பண்டமன்று. அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, எஞ்சியது மெல்ல மெல்லப் பிசினாகத் திரியும். அந்தப் பிசின் காபரேற்றரின் ஊசிமுனை போன்ற துவாரங்களை அடைத்துவிடும். அந்நாட்டுப் பெற்றோலிற் கலந்திருக்கும் எதனோல் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது என்பது இன்னொரு தொல்லை. இவற்றைத் தடுப்பதற்கென விற்கப்படும் திரவமொன்றை அளவாகத் தாங்கியில் ஊற்றி, அது காபரேற்றர் வரையிலும் சென்று சேரும்படி இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டார். அந்தச் சூட்டோடு சூடாகப் பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் விட்டார். பழைய எண்ணெயிலே எரிபொருள் எரிந்ததால் உண்டான அமிலமும் நீரும் கலந்திருக்கும். அவை ஆறு மாதம் உலோகத்தோடு உறவாடினால் நன்மை விளையாது. பின்னர் பிளக்கைக் கழற்றி ஒரு சிறு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு, இயந்திரத்தை இரண்டொரு முறை சுழற்றி, பிளக்கை மீண்டும் பூட்டினார். உருளையின் சுவரெங்கும் எண்ணெய் பரவித் துருவைத் தடுக்கும் என்பதே அதன் காரணம்.

பற்றறியைக் கழற்றி வீட்டினுள்ளே கொண்டுபோய் மின்னேற்றும் கருவியோடு இணைத்தார். இதிலும் ஒரு விந்தை உண்டு. நிறைந்த மின்னேற்றமுள்ள பற்றறியின் அமிலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைக் குளிரிலும் உறையாது. மின்னேற்றம் வற்றிய பற்றறியோ பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகையிலேயே உறைந்து ஓடு வெடித்துவிடும். ரொறன்ரோவின் தை மாத இரவுகளில் 20 பாகை வரையும் இறங்குவதுண்டு. உள்ளே வலுவிருந்தால் குளிரைத் தாங்கலாம் என்பது பற்றறிக்கு மாத்திரம் உரிய பாடமன்று.

சங்கிலிக்கு எண்ணெய் பூசினார். நின்ற இடத்திலேயே நின்று ரயர் தட்டையாகாதிருக்க இரண்டு சில்லுகளையும் நிலத்திலிருந்து உயர்த்தினார். வண்டியைப் பழைய படுக்கைவிரிப்பினால் மூடினார். பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு வியர்க்குமாம். இடைக்கிடை இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பது நல்லதல்லவா என்று கேட்டேன். கூடாது என்றார். சில நிமிடம் மாத்திரம் ஓடினால் இயந்திரம் முழுச்சூடு அடைவதில்லை. எரிதலால் உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே ஒடுங்கி நிற்கும். உறங்குபவனை அரைகுறையாக எழுப்புவதிலும் எழுப்பாமல் விடுவதே மேல்.

இறுதியாக ஒரு சிவப்புத் துணியை எடுத்துச் சுருட்டி, புகைக்குழாயின் வாயை அடைத்தார். ஒரு முழ நீளத்தை வெளியே தொங்கும்படி விட்டார். குளிருக்கு ஒதுங்க இடந்தேடும் சுண்டெலி குழாய்க்குள் புகாதிருக்க இந்த அடைப்பு. வசந்தத்திலே மறதியாக அப்படியே இயந்திரத்தை முடுக்கிவிடாதிருக்க இந்தச் சிவப்பு வால். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணர் என் முகத்தை நோக்கி, "ஐயா செய்தது உனக்கு ஞாபகம் இருக்குதோ?" என்றார்.

எனக்கு ஞாபகம் இருந்தது.

எங்கள் ஐயா மானிப்பாயை அடுத்த கிராமத்தவர். கூட்டுறவுச் சங்கமொன்றிலே கணக்கெழுதும் உத்தியோகம். அவரிடம் 90 சி.சி. வலுவுள்ள ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் மீண்டும் யுத்தம் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பெற்றோல் இல்லையென்று யாழ்ப்பாணத்தார் ஓய்ந்துவிடவில்லை. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார்கள். வீதியெங்கும் மண்ணெண்ணெய்ப் புகை கமழ்ந்த காலம் அது. ஐயாவும் அவ்வாறு ஓட்டியிருக்கலாம். ஆனால் மண்ணெண்ணெயும் கட்டுப்பாட்டில் அளந்தே கிடைத்தது, மின்சாரமும் இல்லை. அண்ணருக்கு அப்போது வயது 17; உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வயது 10. சிறு போத்தலிலே எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கொன்றே எங்கள் இருவருக்கும் இரவில் வெளிச்சம். "இருக்கிற மண்ணெண்ணெய் விளக்குக்குத்தான். வண்டி நிற்கட்டும்" என்று ஐயா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆவணி மாதத்து ஞாயிறொன்றிலே அவர் வண்டியை வீட்டின் பின்பத்திக்கு உருட்டிச் சென்றார். அண்ணர் சாவிகளை எடுத்துக் கொடுக்க, நான் துணி பிடித்துக்கொண்டு நின்றேன். தாங்கியில் இருந்த பெற்றோலை ஒரு துளியும் சிந்தாமல் போத்தலில் வடித்தெடுத்தார். வெறுந்தாங்கியினுள்ளே சிறிது எண்ணெய் விட்டு, தாங்கியைக் கழற்றி இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்து உட்புறமெங்கும் பூசினார். அண்ணர் ரொறன்ரோவிலே தாங்கியை நிரப்பியதும், ஐயா ஊரிலே தாங்கியை வெறுமையாக்கியதும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று முரண். நோக்கம் ஒன்றே. நிறைந்திருக்கலாம், அல்லது எண்ணெய் பூசி வெறுமையாக இருக்கலாம்; அரைகுறையாக இருப்பதே கேடு. காபரேற்றரையும் வடித்தார். பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டார். பனங்குற்றி இரண்டின்மேல் வண்டியை ஏற்றினார். பற்றறி வானொலிக்குப் போயிற்று. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி அதற்கு மின்னேற்றி, இரவிலே செய்தி கேட்போம். சாக்கினால் வண்டியை மூடினார். புகைக்குழாயின் வாயிலே சிவப்புத் துணி. எங்கள் ஊரிலே சுண்டெலி அன்று, மண்கூடு கட்டும் குளவியே அங்கு எதிரி.

அண்ணரின் வேலைக்கும் ஐயாவின் வேலைக்கும் இடையே உள்ள பெரிய வேற்றுமை ஒன்றை நான் ஸ்காபரோவிலே நிற்கும்போதுதான் உணர்ந்தேன். பனி எப்போது உருகும் என்பது அண்ணருக்குத் தெரியும். சித்திரை பிறந்தால் சிவப்புத் துணியை உருவலாம். ஐயாவுக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை. அடுத்த மாதமா, அடுத்த ஆண்டா, பத்தாண்டு செல்லுமா என்று சொல்லுவார் எவருமில்லை. இருந்தும், நாளை மறுநாளே எடுத்து ஓட்டப்போகிறவரைப் போல அத்தனை பக்குவமாக வைத்தார். அது மாத்திரமன்று. ஐந்து ஆண்டுகள், மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, இரண்டு துளி எண்ணெய் விட்டு, காலாலன்றிக் கையாலேயே உதைகோலை அழுத்தி இயந்திரத்தை மெல்லச் சுழற்றுவார். நாள்தோறும் ஆறு மைல் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போய் வந்த மனிதர், ஓடாத வண்டியோடு பேசுவது போல அந்த அரைமணி நேரத்தைக் கழிப்பார். ஊரிலே சிலர் அதைக் கண்டு சிரித்ததும் உண்டு.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே இடம்பெயர்ந்தது. ஒரு சைக்கிளில் அப்பாச்சி, மற்றொரு சைக்கிளில் மூட்டைகள். மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகரும் மக்கள் வெள்ளத்தோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். புறப்படும் வேளையில் ஐயா பின்பத்திக்குச் சென்று சாக்கை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டு வந்தார். 1996 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் திரும்பி வந்தபோது வீடு இருந்தது. வண்டி இல்லை. பனங்குற்றிகள் இரண்டும் வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தன. எடுத்தவர் யாரென்று ஐயா விசாரிக்கவில்லை. குற்றிகளைத் தூக்கி மதிலோரம் வைத்துவிட்டு, கிணற்றை இறைக்கத் தொடங்கினார். பின்னர் அவர் வேறு மோட்டார் சைக்கிள் வாங்கவில்லை. அடுத்த ஆண்டு அண்ணர் கனடாவுக்குப் புறப்பட்டார். 2011 ஆம் ஆண்டு ஐயா காலமானபோது அவரால் வர இயலவில்லை.

ஐந்தாண்டு உழைப்பும் வீண்தானே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை முதலில் அசைத்தது 2022 ஆம் ஆண்டு. நாடெங்கும் பெற்றோல் தட்டுப்பாடு ஏற்பட்டு, வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன, பின்னர் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு வந்தது. பங்கீடு வருமுன்னர் சில வாரங்கள் என் வண்டியை நிறுத்திவிட்டுச் சைக்கிளிற் கல்லூரிக்குச் சென்றேன். நிறுத்திய அன்று எவரும் சொல்லித் தராமலே என் கைகள் காபரேற்றரை வடித்தன, பிளக்கைக் கழற்றின. இத்தனை வேலையையும் எங்கே கற்றேன் என்று என் மகன் கேட்டான். அடுத்த ஆண்டு அண்ணரின் கராஜிலே அதே சிவப்புத் துணியைக் கண்டபோது எனக்கு ஐயம் நீங்கியது. ஐயா காப்பாற்றிவைத்த வண்டியை யாரோ கொண்டுபோனார்கள். காப்பாற்றும் முறையை எவராலும் கொண்டுபோக முடியவில்லை. அது அண்ணரோடு கடல் கடந்து சென்று, ஐயா கண்டறியாத பனியிலே ஆண்டுதோறும் பயன்படுகிறது.

மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே. எந்தப் பொருளையும் முயற்சியையும் இடையில் நிறுத்தவேண்டிய காலம் வாழ்க்கையில் வரும். நோயால், வறுமையால், நாட்டு நிலையால் படிப்பையே நிறுத்த நேர்ந்தவர்களை என் வகுப்பிலும் கண்டிருக்கிறேன். நிறுத்துவது வேறு, கைவிடுவது வேறு. நிறுத்துகின்ற அன்று எவ்வாறு வைத்துவிட்டு எழுந்தோம் என்பதிலேயே அந்த வேற்றுமை தங்கியிருக்கிறது. புத்தகத்தை மூடுவதாயினும் பக்கத்தில் ஓர் அடையாளம் வைத்து மூடுங்கள்.

2024 ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே அண்ணர் தொலைபேசியில் அழைத்தார். துணியை உருவி, பற்றறியைப் பூட்டி, பொத்தானை அழுத்தியவுடன் இயந்திரம் இயங்கியதாம். "ஐயாவின்ரை கைராசி" என்றார். இருவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம். பிறகு அவர், வருகிற ஆடி மாதம் ஊருக்கு வரப் பயணச்சீட்டு எடுத்திருப்பதாகச் சொன்னார்.