இரண்டு கோடுகளுக்கு நடுவே இரண்டரை மணி நேரம்

பணியில் இருந்தவரை செங்கல்பட்டில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன் நான். தொலைவு - கால வரைபடம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். அதனால் நம்மூர் ரோட்டையே கரும்பலகையில் ஏற்றிவிடுவேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. காலை 6 மணிக்கு ஒருவர் சைக்கிளில் கிளம்புகிறார், மணிக்கு 12 கி.மீ. வேகம். 7 மணிக்கு பஸ் கிளம்புகிறது, மணிக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் தொலைவு. வேகம் மாறாவிட்டால் கோடு நேராகப் போகும். வேகம் அதிகமானால் கோடு நிமிரும். சைக்கிளின் கோடு படுத்தாற்போல் போகும். பஸ்ஸின் கோடு எழுந்து நிற்கும். திருக்கழுக்குன்றம் தாண்டி, 20 கி.மீ.யில், 7.40-க்கு இரண்டும் வெட்டிக்கொள்ளும். பஸ் 8 மணிக்கும் சைக்கிள் 8.30-க்கும் மாமல்லபுரம் சேரும்.

எது வேகம் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கும் அடுத்த கேள்விதான் முக்கியம். "மாமல்லபுரத்தில் இரண்டு கோட்டுக்கும் பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளி?" அரை மணி. பஸ்ஸில் வந்தவர் அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால், சைக்கிள்காரர் வருவதற்குள் இட்லி ஊற்றி எடுத்துவிடலாம். வேகமான கோடு மெதுவான கோட்டுக்கு முன்னால் கொண்டுவரும் செய்தி அது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்த இட்லிக் கணக்கை அப்படியே போட எனக்கு மனம் வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. நம் கரையிலிருந்து சுமார் 2000 கி.மீ. பூமிக்குள் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. போகும், நாலு நிமிஷத்துச் சொச்சத்தில் இங்கே வந்துவிடும். சென்னையில் சிலர் அதிர்வை உணர்ந்து வீட்டைவிட்டு வெளியே வந்தார்கள். கடல் அலையோ ஆழ்கடலில் மணிக்கு 600, 700 கி.மீ. வேகத்தில் வந்தது. விமானத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். ஆனாலும் அதிர்வின் கோட்டுக்குப் பக்கத்தில் வரைந்தால் அது சைக்கிள்தான். 9 மணி வாக்கில்தான் அலை நம் கரையைத் தொட்டது.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இதைப் பலகையில் வரைந்தேன். கடலோரக் குப்பத்திலிருந்து வந்து படித்த பையன் ஒருவன் எழுந்தான். "சார், அப்ப ரெண்டரை மணி நேரம் இருந்திருக்கு. யாருமே சொல்லலியா?"

வகுப்பே அமைதியாகிவிட்டது. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு அன்று அப்படி ஒன்று இல்லை என்று சொன்னேன். அது உண்மையான பதில். அவனுக்கு ஆறுதலான பதில் இல்லை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் போய்விட்டார்களே.

அன்று இன்னொரு கோடும் வரைந்தேன். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைவதால் அலையின் வேகமும் குறையும், அதன் கோடு வளைந்து படுக்கும். ஆனாலும் பத்து மீட்டர் ஆழத்தில்கூட அது மணிக்கு சுமார் 36 கி.மீ. அலையைக் கண்ணால் பார்த்தபின் ஓடுகிறவர் 15 கி.மீ. ஓடினால் பெரிது. அந்தக் கோட்டை இந்தக் கோடு பிடித்துவிடும். அதுவே 7 மணிக்கே செய்தி கிடைத்திருந்தால்? மணிக்கு 4 கி.மீ. நடை போதும். ஒரு பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணியில் 2 கி.மீ. உள்ளே வந்திருப்பாள். படுத்த கோடுதான், ஆனால் முன்னால் தொடங்கிய கோடு.

2007-இல் ஐதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் மறுபடி பெரிய நடுக்கம். அன்று டிவியிலும் போனிலும் செய்தி பறந்தது, கடற்கரைகளில் இருந்தவர்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். பெரிய அலை வரவில்லை. "வீணாக பயமுறுத்திவிட்டார்கள்" என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. அந்தப் பையனின் கேள்விக்கு ஏழு வருஷம் கழித்துக் கிடைத்த பதிலாகத்தான் தெரிந்தது.

வாசிக்கும் நண்பர்களில் பலருக்கு முழங்கால் வலி இருக்கும். மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ பேரப்பிள்ளைகளோடு போவீர்கள். தரை ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, எச்சரிக்கை வந்தாலோ வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள். நம் கோடு இனி நிமிரப் போவதில்லை. முன்னால் கிளம்புவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.