பத்து நிமிடக் காடு

ரஷ்யாவில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் பகல்பொழுது சுருங்கிவிடும். பிற்பகலிலேயே இருட்டத் தொடங்கும். காட்டுக்குள் நின்று வரையும் ஓவியர் கையுறையைக் கழற்றினால், சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போகும். கடுங்குளிரில் நீர்வண்ணம் உறைந்துவிடும். அங்கே அவருக்குக் கைகொடுப்பது ஒரு சாதாரணப் பென்சில்தான். அது உறைவதில்லை; வரைந்த கோடு காய்வதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

இத்தகைய காடுகளை வாழ்நாள் முழுவதும் வரைந்தவர் இவான் ஷிஷ்கின். அவர் 1832ஆம் ஆண்டு, காமா ஆற்றங்கரையில் உள்ள யெலபுகா என்ற சிற்றூரில் பிறந்தார். மாஸ்கோவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலும் ஓவியம் கற்றார். 1890இல் அவர் தீட்டிய ‘குளிர்காலம்’ என்ற ஓவியம் பனி மூடிய ஊசியிலைக் காட்டைக் காட்டுகிறது. அதில் ஓசையற்ற அமைதியைக்கூட நம்மால் உணர முடிகிறது. இப்படிப்பட்ட பெரிய ஓவியங்களுக்குப் பின்னால், காட்டில் மரங்களை நேரில் பார்த்து அவர் வரைந்த ஏராளமான கோட்டோவியங்கள் இருந்தன. 1898இல், புதியதொரு காட்டோவியத்தைத் தொடங்கியிருந்த வேளையில் அவர் உயிர் பிரிந்தது.

விரைவாக வரைபவரால் கண்ணில் படும் எல்லாவற்றையும் வரைய முடியாது. கிடைக்கும் பத்து நிமிடங்களில் எதை வரைவது, எதை விடுவது என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். முதலில் அடிமரங்களின் சாய்வையும் அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியையும் குறித்துக்கொள்வார். அருகில் உள்ள மரத்துக்கு அழுத்தமான கோடு. தொலைவில் உள்ள மரத்துக்கு மெல்லிய கோடு. பனியை அவர் வரைவதே இல்லை. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவிடுவார். மரங்களின் நிழலைச் சற்றே தீட்டியதும், வெறுமையாக இருந்த இடம் பனியாக மாறிவிடும். விட்டுவைத்ததும் ஓவியத்தில் ஒரு பகுதிதான்.

பனியே பெய்யாத சிங்கப்பூரில் இந்தக் கலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். செம்பவாங் கடற்கரைக்குச் சென்றால் விடை கிடைக்கும். அங்கும் இயற்கை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜொகூர் நீரிணையின் மேல் மேகம் திரளும். சற்று நேரத்தில் மழை கொட்டும். நீர் வற்றும்போது சதுப்புநில மரங்களின் வேர்கள் வெளியே தெரியும். இலையுதிர்ந்த கிளைகளைப் போல அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நீர் ஏறியதும் அந்தக் காட்சி மறைந்துவிடும். இங்கும் விரைந்து வரையும் பென்சில்தான் துணை.

கைப்பேசியில் ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாமே? உண்மைதான். ஆனால், படம் எடுத்தவரிடம் அந்த மரத்தின் கிளை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று கேட்டால், அவர் படத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வரைந்தவருக்கு அந்தத் தேவை இல்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் அவர் ஒரு முறை நிமிர்ந்து மரத்தைப் பார்த்திருக்கிறார். படம் சரியாக வராமல் போனாலும், பார்த்தது மனத்தில் தங்கிவிடுகிறது.

இதை உணர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர்’ குழுவினர், ஏதேனும் ஓர் இடத்தில் ஒன்றுகூடி, கண்முன் இருப்பதை நேரில் பார்த்து வரைகின்றனர். ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் அவர்களுடன் சேர்ந்துகொள்ளலாம். வரைந்து முடித்ததும் எல்லாருடைய ஏடுகளையும் ஓரிடத்தில் விரித்து வைப்பார்கள். ஒரே தெருவை ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகப் பார்த்திருப்பது அப்போது தெரியவரும்.

செம்பவாங் என்பது ஒரு மரத்தின் பெயர். அந்த மரத்தின் பெயரையே இந்த வட்டாரம் தாங்கி நிற்கிறது. பெருவிரைவு ரயில் நிலையத்தின் பலகையிலும் பேருந்துகளிலும் அந்தப் பெயரைத் தினமும் படிக்கிறோம். ஆனால், அந்த மரத்தை அடையாளம் காட்டச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? செம்பவாங் பூங்காவில் அம்மரம் இன்றும் நிற்கிறது. ஒரு பென்சிலும் ஒரு தாளும் பத்து நிமிடங்களும் இருந்தால் போதும். இத்தனை நாளாகப் பெயரளவில் மட்டுமே தெரிந்த அந்த மரம் நமக்கு அறிமுகமாகிவிடும்.