புதிய நகரில் யாரை நம்புவது?

சிங்கப்பூரில் உணவங்காடி நிலையத்திற்குச் சாப்பிடச் செல்லும்போது நாம் முதலில் என்ன செய்கிறோம்? காலியான மேசை ஒன்றைத் தேடுகிறோம். டிஷ்யூ பொட்டலத்தையோ குடையையோ அதன்மேல் வைத்து இடம் பிடித்துவிட்டு, உணவு வாங்க வரிசையில் நிற்கிறோம். சிலர் கைப்பையையே வைத்துவிட்டுப் போவதும் உண்டு. பெரும்பாலும், திரும்பி வரும்போது பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். பாதுகாப்பான நகரில் வாழ்வதால் நமக்கு வந்த பழக்கம் இது. வெளிநாட்டுப் பயணத்திற்குத் துணிமணிகளை நாம் பார்த்துப் பார்த்துப் பெட்டியில் அடுக்குகிறோம். இத்தகைய பழக்கங்களோ அடுக்காமலேயே நம்முடன் வந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து நாள் பேங்காக் சென்றோம். எழுபது வயதான என் அம்மா, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகன், நான் என நால்வர். புறப்படுவதற்கு முன் எங்கள் பயணத்தை வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பதிவு செய்தேன். கடப்பிதழ்களின் நகல்களைத் தனியாக எடுத்து வைத்தேன். தாய்லாந்துப் போலிசின் அவசர எண் 191, சுற்றுப்பயணிகளுக்கான போலிஸ் எண் 1155, மருத்துவ அவசர எண் 1669 ஆகிய மூன்றையும் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பேங்காக் சென்றதும், ஹோட்டலின் பெயரும் முகவரியும் தாய் மொழியில் அச்சிட்ட அட்டையை அதனுடன் சேர்த்துக்கொண்டோம்.

அம்மாவின் கவலையெல்லாம் ஏமாற்றுக்காரர்களைப் பற்றியதுதான். “அங்க யாரோடயும் பேச்சுக் கொடுக்காதீங்க. யாரையும் நம்பாதீங்க,” என்று பேரப்பிள்ளைகளிடம் மூன்று முறை சொல்லிவிட்டார்.

“யாரோடயும் பேசலன்னா எப்படிப் பாட்டி வழி கேக்குறது?” என்று மகள் சிரித்தாள்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. யாரையுமே நம்பாதவரால் புதிய ஊரில் ஒரு வேளை உணவுகூட வாங்கிச் சாப்பிட முடியாது. எல்லாரையும் நம்புபவர் கைப்பொருளை இழக்க நேரிடலாம். எனவே, யாரை, எப்போது நம்புவது என்பதுதான் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமாக இருந்தது.

ஆனால், முதல் நாள் எங்களை எச்சரித்தது மனிதர்கள் அல்லர், சாலை. சிங்கப்பூரில் பச்சை மனிதன் ஒளிர்ந்ததும் நாம் நடக்கத் தொடங்கிவிடுவோம். பேங்காக்கில் பாதசாரிகள் கடக்கும் கோடுகளில் கால் வைத்தாலும் எல்லா வாகனங்களும் நிற்பதில்லை. கார்கள் நின்றாலும் அவற்றின் இடையே மோட்டார்சைக்கிள்கள் புகுந்து வருகின்றன. நடைபாதையிலும் சில ஏறி வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட சாலைப் பாதுகாப்பு அறிக்கையின் மதிப்பீட்டின்படி, தாய்லாந்தில் 100,000 பேருக்கு ஏறத்தாழ 33 பேர் ஓராண்டில் சாலை விபத்துகளில் இறந்தனர். சிங்கப்பூரில் அந்த எண்ணிக்கை 3க்கும் குறைவு. அங்கு இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இரு சக்கர, மூன்று சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதனால், மோட்டார்சைக்கிள் டாக்சியில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். மேம்பால ரயில் நிலையங்களில் உள்ள நடைபாலங்கள் வழியாகவே சாலையைக் கடந்தோம். ஏமாற்றுக்காரன் பணப்பையை எடுப்பான். சாலை உயிரையே எடுத்துவிடும். எதற்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

மறுநாள் காலை, சாவ் பிரயா ஆற்றில் படகில் சென்று தா சாங் படகுத்துறையில் இறங்கினோம். 1782ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பட்ட பேரரண்மனை அங்கிருந்து சில நிமிட நடைதான். அதன் வெள்ளை மதிலோரம் நடந்துகொண்டிருந்தபோது, தூய்மையாக உடுத்திய ஒருவர் புன்னகையுடன் எங்களிடம் வந்தார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. “எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார். பிறகு, “இன்று சிறப்பு வழிபாடு. அரண்மனை பிற்பகலில்தான் திறக்கும். அதுவரை ஏன் வெயிலில் நிற்கிறீர்கள்? 20 பாட் கொடுத்தால் இந்த டுக் டுக் உங்களை மூன்று கோயில்களுக்கு அழைத்துச் செல்லும்,” என்றார். அவர் கை காட்டிய இடத்தில் டுக் டுக் ஒன்று தயாராக நின்றது.

இந்தத் தந்திரம் பேங்காக்கில் பல ஆண்டுகளாக நடப்பது. அரண்மனை பெரும்பாலான நாள்களில் காலை 8.30 மணிக்கே திறந்துவிடும். 20 பாட் என்பது நம் பணத்தில் ஒரு வெள்ளிகூட இல்லை. அந்தத் தொகைக்கு யாராலும் நகரைச் சுற்றிக் காட்ட முடியாது. பயணிகளை முதலில் ஒரு கோயிலுக்கு அழைத்துச் செல்வார்கள். அடுத்து வண்டி ஒரு நகைக்கடை வாசலில் நிற்கும். ‘இன்று மட்டும் வரி இல்லை, உங்கள் ஊரில் இரு மடங்கு விலைக்கு விற்கலாம்’ என்று கூறித் தரம் குறைந்த கற்களை அதிக விலைக்கு விற்பார்கள். ஆள் கொண்டுவந்ததற்கு ஓட்டுநருக்குத் தரகு கிடைக்கும்.

மகள் என்னைப் பார்த்து, “வாசல் பக்கத்துலதானே இருக்கு. போய்ப் பார்த்துடலாமே, அம்மா,” என்றாள். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தோம். வாசல் திறந்திருந்தது. மக்கள் வரிசையாக உள்ளே சென்றுகொண்டிருந்தார்கள்.

“அவர் நல்லவர் மாதிரிதானே பேசினார்?” என்று மகன் வியப்புடன் கேட்டான்.

“முகத்தையும் பேச்சையும் வெச்சு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுப்பா. யார் யாரைத் தேடி வந்தாங்கன்னு பாரு. படகுத்துறையில பயணச்சீட்டு விக்கிற அம்மாகிட்ட நாமதான் போய் வழி கேட்டோம். இவர் நம்மளத் தேர்ந்தெடுத்து வந்தார்,” என்றேன்.

அன்று மாலையே என் விளக்கத்திற்கு ஒரு சோதனை வந்தது. சீலோம் சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்குச் சென்றோம். பேங்காக்கில் குடியேறிய தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில் அது. இன்று தாய்லாந்து மக்களும் அங்குத் திரளாக வந்து வழிபடுகிறார்கள். வாசலை நெருங்கும்போது வெயிலின் களைப்பில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதைக் கண்ட பூக்கார அம்மா ஒருவர், நாங்கள் கேட்காமலேயே ஓடி வந்தார். தம் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். மாலை தொடுக்கும் அட்டையால் விசிறிவிட்டார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. தண்ணீருக்குப் பணம் நீட்டியபோது கையை அசைத்து மறுத்துவிட்டார். யாரையும் நம்பக்கூடாது என்று சொன்ன அம்மா, அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“இவங்களும் நம்மளத் தேடித்தானே வந்தாங்க?” என்று மகள் கேட்டாள்.

நியாயமான கேள்வி. இரவு ஹோட்டலில் நால்வரும் அதைப் பற்றிப் பேசினோம். அரண்மனை அருகே வந்தவரும் பூக்கார அம்மாவும் எங்களைத் தேடி வந்தவர்கள்தாம். ஆனால், முன்னவர் எங்களை வேறோர் இடத்திற்குப் போகச் சொன்னார். அதுவும் உடனே போகச் சொன்னார். பூக்கார அம்மா நாங்கள் இருந்த இடத்திலேயே உதவினார். எதையும் கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பேசிப் பேசிக் கடைசியில் மூன்று கேள்விகள் கிடைத்தன. இவரை நான் அணுகினேனா, இவர் என்னை அணுகினாரா? நான் இருக்கும் இடத்தைவிட்டு என்னை வேறிடத்திற்கு அழைக்கிறாரா? யோசிக்கவும் சரிபார்க்கவும் எனக்கு நேரம் தருகிறாரா? முதல் கேள்வி நம்மை விழிப்பாக இருக்கச் சொல்கிறது. மற்ற இரண்டும் முடிவெடுக்க உதவுகின்றன. பாரிஸ் நகரின் சாக்ரே கர் தேவாலயப் படிகளில், பேசிக்கொண்டே பயணியின் கையில் வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள் உண்டு. ஊருக்கு ஊர் தந்திரம் வேறுபடலாம். யோசிக்க நேரம் தராமல் இருப்பது மட்டும் எல்லாத் தந்திரங்களுக்கும் பொது.

நான்காம் நாள் சனிக்கிழமை. சத்துசாக் வார இறுதிச் சந்தைக்குச் சென்றோம். 15,000க்கும் மேற்பட்ட கடைகள் உள்ள சந்தை என்பார்கள். அதன் நடுவே ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. சென்றவுடன் முதலில் அங்கே போய், ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டோம். ‘யாராவது பிரிந்துவிட்டால் ஒருவரை ஒருவர் தேடி அலையக்கூடாது. எல்லாரும் மணிக்கூண்டுக்கு வந்துவிட வேண்டும். வழி தெரியாவிட்டால் கடைக்குள் இருப்பவரிடம் கேட்க வேண்டும்’ என்று பேசி வைத்தோம்.

நண்பகலில், குறுகலான ஒரு சந்தில் கூட்டம் நெருக்கியது. அதைக் கடந்து வந்து திரும்பிப் பார்த்தபோது மகனைக் காணவில்லை. அவனிடம் இருந்த பழைய கைத்தொலைபேசியில் படம் பார்க்கலாம். வெளிநாட்டில் அழைக்க முடியாது. “வா, தேடிப் போகலாம்,” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கும் கால்கள் அந்தப் பக்கம்தான் ஓடத் துடித்தன. ஆனால், நான் தேடி ஓடினால், அவன் மணிக்கூண்டுக்கு வரும்போது அங்கே யார் இருப்பார்? பேசி வைத்த சொல்லைக் காப்பாற்றுவது அவ்வளவு கடினம் என்று நான் அதற்குமுன் அறிந்ததில்லை. மணிக்கூண்டின் அடியில் நின்று, ஒவ்வொரு சிறுவனின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்குப் பிறகு, அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தான்.

பீங்கான் கடையில் இருந்த ஒரு பெண்ணிடம் மணிக்கூண்டின் படத்தைக் காட்டினானாம். அவர் கை காட்டிய திசையில் நடந்து, அடுத்து ஒரு பழச்சாற்றுக் கடையிலும் கேட்டானாம். “நடந்து போறவங்ககிட்ட ஏன் கேக்கல?” என்று அக்காள் கேட்டாள். “கடைக்காரங்க கடைய விட்டுட்டு என் பின்னாடி வர முடியாதுல்ல?” என்றான் அவன். பாட்டி அவனை அணைத்துக்கொண்டார். நாங்கள் இரவெல்லாம் பேசிக் கண்டுபிடித்ததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

ஊர் திரும்பிய பின்னரும் அந்த மூன்று கேள்விகள் எங்கள் வீட்டில் பயன்படுகின்றன. முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து, ‘உங்கள் வங்கிக் கணக்கில் சிக்கல், உடனே பணத்தை மாற்றுங்கள்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அணுகியவர் அவர். பணத்தை வேறிடத்திற்கு மாற்றச் சொல்பவரும் அவர். நேரம் தராதவரும் அவரே. அம்மா இப்போது அத்தகைய அழைப்புகளைத் துண்டித்துவிட்டு, வங்கியின் எண்ணைத் தாமே தேடி அழைக்கிறார்.

இன்னொன்றையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியா நிலையத்திற்கு வெளியே, கையில் வரைபடத்துடன் தயங்கி நிற்கும் சுற்றுப்பயணிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் ஒரு நாள் உங்களிடம் வந்து வழி கேட்கலாம். அத்தனை பேர் நடமாடும் தெருவில் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருக்கும் வீட்டில் யாரோ ஒருவர், ‘யாரையும் நம்பாதே’ என்று சொல்லி அனுப்பியிருக்கக்கூடும். நின்று, நிதானமாக, தெளிவாக வழி சொல்லுங்கள். அவருக்கு இது புதிய நகரம். அவர் நம்பி வந்த அந்நியர் நீங்கள்தாம்.