இடுப்பில் இருக்கிறது உதை

சிமெண்டுச் சாக்கு ஒன்றுக்குள் கிழிந்த நைலான் வலைகளைத் திணித்து, அடியில் கொஞ்சம் மணல் போட்டு, வாயை வலைக்கயிற்றாலேயே தைத்திருக்கிறார்கள். சவுக்குக் கழிகளால் கட்டிய சட்டத்தில் அது தொங்குகிறது. பழவேற்காடு ஏரியோர ஊரான பசியாவரத்தின் இளைஞர் ஒருவர் அதன் முன்னால் வெறுங்காலோடு நிற்கிறார். இடது காலை லேசாகத் தரையில் தட்டுகிறார், தோளைத் தளர்த்துகிறார், சட்டென்று வலது கால் சுழன்று வந்து சாக்கின் நடுவில் இறங்குகிறது. இறங்கியது பாதம் அல்ல. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு. சவுக்குச் சட்டம் மொத்தமாக ஒருமுறை ஆடி நிற்கிறது.

மீன்பிடிக் குடும்பம். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மாலை நேரங்களில் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய் முவே தாய் எனப்படும் தாய்லாந்துக் குத்துச்சண்டையைக் கற்றுக்கொண்டவர். இப்போது அப்பாவோடு படகுக்குப் போகிறார். வலை காய்ந்துகொண்டிருக்கும் பிற்பகலில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். கடல் கடந்து வந்த ஒரு வித்தை, ஏரியில் உழைக்கும் உடம்பில் எப்படி உட்கார்கிறது என்று பார்க்கத்தான் நான் அங்கே போனேன்.

பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெரிது, ஆழம் சிறிது. சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். அதனால் இங்கே கால்களுக்கு வேலை அதிகம். கழியை ஊன்றிப் படகைத் தள்ள வேண்டும், இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றில் நடக்க வேண்டும், ஆடும் படகின் விளிம்பில் நின்றுகொண்டே வலையை இழுக்க வேண்டும். சமநிலை தவறினால் தண்ணீரில்தான். எந்தப் பயிற்சிக்கூடமும் கொடுக்க முடியாத அடிப்படை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கிய வயதிலேயே வந்துவிடுகிறது.

மறுநாள் காலை அப்பாவும் மகனும் வீச்சு வலையோடு இறங்கியபோது அதைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. வலையின் கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார் பெரியவர். விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கின்றன. ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டு, விளிம்பைப் பல்லில் கடித்து, மீதியை வலது கையில் பிரித்துப் பிடிக்கிறார். இடுப்பு பின்னால் திரும்புகிறது. ஒரு கணம் அப்படியே நிற்கிறது. பிறகு குதிகால் புரள, இடுப்பு முன்னால் வருகிறது. தோளும் கையும் அதன் பின்னால்தான் வருகின்றன. பல் விட்டதும் வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது.

“கையால வீசுனா வலை கோணிக்கும் தம்பி. இடுப்புதான் வீசணும். கை சும்மா கூடப் போவும்” என்றார்.

முவே தாயின் சுற்று உதையும் இதே கணக்கில்தான் நடக்கிறது. ஊன்றிய கால் முன்பாதத்தில் புரள்கிறது, இடுப்பு எதிராளியின் பக்கம் முழுசாகத் திரும்புகிறது, அதே பக்கத்துக் கை கீழே வீசி எடையைச் சமன் செய்கிறது. கால் கடைசியில் வருகிறது. முழங்காலை மட்டும் மடக்கி நீட்டி உதைப்பது இங்கே செல்லாது. இடுப்பு திரும்பாத உதையை எதிராளி தன் காலைத் தூக்கித் தடுத்தால், நோவது உதைத்தவருக்குத்தான். “சென்னையில வாத்தியார் சொல்லும்போது எனக்குப் புதுசா எதுவும் தெரியலண்ணே. எங்கப்பா சொன்னதையே அவரும் சொன்னாரு” என்கிறார் மகன்.

முவே தாயை எட்டு உறுப்புகளின் கலை என்பார்கள். இரண்டு கை முட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால். ஆனால் இந்த எட்டையும் வைத்து அதைப் புரிந்துகொள்வதைவிட, எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் வேலை என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் தெளிவாகிறது. ‘தீப்’ என்று ஒரு தள்ளு உதை உண்டு. முழங்காலைத் தூக்கி, முன்பாதத்தால் எதிராளியின் வயிற்றிலோ இடுப்பிலோ வைத்துத் தள்ளுவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் முன்னேறி வருபவரை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். கிட்டே வந்துவிட்டால் கழுத்துப் பிடி. இரண்டு கைகளையும் எதிராளியின் பிடரியில் கோத்துத் தலையைக் கீழே அழுத்தி, முழங்காலால் விலாவில் ஏற்றுவது. மேற்கத்தியக் குத்துச்சண்டையில் இருவரும் கட்டிக்கொண்டால் நடுவர் பிரித்துவிடுவார். இங்கே ஆட்டமே அங்கேதான் சூடு பிடிக்கிறது. பாங்காக் அரங்குகளில் மூன்று நிமிடச் சுற்றுகள் ஐந்து. உடம்பில் இறங்கும் உதைக்கும் முழங்காலுக்கும் வெறும் குத்தைவிட மதிப்பு அதிகம். அடி வாங்கியவர் தடுமாறினாரா, அடித்தவர் நிலைகுலையாமல் நின்றாரா என்பதையும் நடுவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

ஊர்ப் பிள்ளைகள் பயிற்சியைத் தொடங்கும் முன் செய்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்டியிட்டு மூன்று முறை வணங்குகிறார்கள். தாய்லாந்தில் இது ‘வை க்ரூ’, குரு வணக்கம். அதைத் தொடர்ந்து ‘ராம் முவே’ என்ற மெதுவான ஆட்டம். தலையில் ஆசான் கட்டிவிட்ட ‘மொங்கோன்’ என்ற வளையம், புஜத்தில் துணிக்கட்டு. மொங்கோன் தரையில் படக் கூடாது. வணக்கம் முடிந்ததும் ஆசானே தன் கையால் அதை எடுக்கிறார். நாகசுரத்தின் உறவுக்காரக் கருவி ஒன்றும், இரட்டை மேளமும், சிறு தாளமும் சேர்ந்து ‘சரமா’ என்ற இசையை வாசிக்கின்றன. வணக்கத்தின்போது நிதானமாகச் செல்லும் இசை, சண்டை சூடாகும்போது வேகமெடுக்கிறது.

அந்த ஆட்டத்தில் இராமன் அம்பு எய்யும் அபிநயம் ஒன்று உண்டு. முவே தாயின் பழைய உத்திகளில் ஒன்றின் பெயர் ‘அனுமன் கணையாழி கொடுத்தல்’: இரண்டு கைகளையும் சேர்த்துக் கீழிருந்து மேலாகத் தாடையை நோக்கிச் செலுத்தும் குத்து. தாய்லாந்தின் இராமாயணமான ராமகியன் அவர்களுடைய சண்டைக் களத்தில் இப்படி இன்றும் நடமாடுகிறது. இதையெல்லாம் சடங்கு என்று ஒதுக்கிவிட்டு உதையை மட்டும் சொல்லித் தரும் கூடங்கள் நகரங்களில் பெருகியிருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று உடம்பை மெல்லத் திருப்பும் ஒவ்வொரு அசைவும் இடுப்பையும் தொடையையும் தளர்த்தித் தயார் செய்கிறது; மூச்சையும் பயத்தையும் நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பழவேற்காட்டுக்கும் தாய்லாந்துக்கும் இருந்த தொடர்பு புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அதே டச்சு வணிகக் கம்பெனிக்கு, அன்று சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் தலைநகரான அயுத்தயாவிலும் வணிகச்சாலை இருந்தது. சயாமிய ரசனைக்கென்றே வண்ணம் தீட்டிய துணிகள் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறின. அந்த அயுத்தயாவை 1767இல் பர்மியப் படை அழித்தது. கைதியாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் கனோம் தோம் என்ற வீரரும் ஒருவர். 1774இல் பர்மிய மன்னர் முன்னிலையில் வரிசையாக ஒன்பது பத்துப் பேரைத் தோற்கடித்து விடுதலை பெற்றார் என்பது தாய்லாந்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. மார்ச் 17ஐ அவருடைய நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் கையுறை கிடையாது. கையில் நூல்கயிற்றைச் சுற்றிக்கொண்டு மோதினார்கள். களத்தில் நேர்ந்த ஓர் உயிரிழப்புக்குப் பிறகு, 1920களின் இறுதியில் கையுறை வந்தது. 1945இல் ராஜதம்னன் அரங்கும் 1956இல் லும்பினி அரங்கும் திறக்கப்பட்டன. சண்டையிடுபவர்களில் பெரும்பாலோர் ஈசான் எனப்படும் வடகிழக்குப் பகுதியின் ஏழை விவசாயக் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். பயிற்சி முகாமிலேயே தங்கி, அங்கேயே உண்டு, விடியலில் ஓடி, முகாமின் பெயரையே தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். சண்டையில் வரும் பணத்தில் முகாமுக்கும் பங்கு உண்டு.

பெயரோடு பரம்பரையைச் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரியாததா? பசியாவரத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் காசிமேடும் ராயபுரமும் வந்துவிடும். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று வடசென்னை குத்துச்சண்டையை வளர்த்த இடங்கள் அவை. மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் பகலில் உழைத்துவிட்டு மாலையில் கையுறை மாட்டினார்கள். கித்தேரி முத்து அங்கிருந்து எழுந்தவர். நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ-இந்திய வீரரை வீழ்த்தியவர். பெரியாரால் ‘திராவிட வீரன்’ என்று பாராட்டப்பட்டவர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். 2021இல் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகுதான் வெளியூர்க்காரர்களில் பலர் இந்த வரலாற்றைக் கேள்விப்பட்டார்கள்.

பெரியவர் இளவயதில் காசிமேட்டில் தங்கித் தொழில் செய்திருக்கிறார். அங்கே சண்டை பார்த்த நினைவு அவருக்கு இன்னும் பசுமையாக இருக்கிறது. “யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்க மாட்டாங்க தம்பி. எந்தப் பரம்பரை ஜெயிச்சிச்சின்னுதான் கேப்பாங்க” என்றார். தெற்கே குமரி மாவட்டத்தில் வர்மத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் அடிமுறை என்ற சண்டைக் கலையிலும் ஆசான் இல்லாமல் ஒரு சுவடுகூட எடுத்து வைப்பதில்லை. கை, கால், முழங்கை என்று உடம்பு முழுவதையும் பயன்படுத்தும் அந்தக் கலை, முவே தாய்க்குத் தமிழ்நாட்டில் இருக்கும் நெருங்கிய சொந்தம். அதை நம் பயிற்சிக்கூடங்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்காதது பெரிய இழப்பு.

தாய்லாந்து முறையில் ஒன்றை மட்டும் இந்த இளைஞர் இங்கே அனுமதிப்பதில்லை. அங்கே பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் பணத்துக்காக மேடையேறுகிறார்கள். 2018 நவம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மேடையில் தலையில் அடிபட்டு இறந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. வயது வரம்பு கேட்டுக் குரல்கள் எழுந்தன. குடும்பத்தின் கடனைக் குழந்தையின் மண்டையில் ஏற்றுவதை எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் ஏற்க முடியாது. பசியாவரத்தில் பிள்ளைகளுக்குத் தலையடி கிடையாது. தள்ளு உதை, தடுப்பு, சாக்கில் சுற்று உதை, கழுத்துப் பிடியில் நிலை தவறாமல் நிற்பது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத நாளில் பயிற்சிக்கும் வரக் கூடாது.

பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். பாங்காக்கின் லும்பினி மேடையில் 2021 வரை பெண்கள் சண்டையிட முடியாமல் இருந்தது என்று நான் சொன்னதும் அவர்களில் ஒருத்தி, “ஏன்?” என்று கேட்டாள். மேடை தீட்டுப்படும் என்று நம்பினார்கள் என்று சொன்னேன். அவள் பதில் பேசாமல் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் சாக்கை உதைத்தாள். இடுப்பு நன்றாகவே திரும்பியது.

இவர்களுக்குத் தேவை அதிகமில்லை. வடகிழக்குப் பருவமழையில் மணல் களம் ஊறிவிடுகிறது. அந்த மாதங்களில் பயிற்சி நின்றுவிடுகிறது. மேலே ஒரு கூரை, கீழே மேடான தளம், உதை தாங்கும் இரண்டு பட்டைகள், பல்லுக்குக் காப்பு. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் பெற்ற விளையாட்டு இது. விளையாட்டுத் துறையின் பணத்தில் இந்தச் செலவு பெரிய தொகையாக இருக்காது. இரண்டாவது சாக்குக்கு வேண்டிய கிழிந்த வலைகளை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.