தண்ணிக் கணக்கு

பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவளுக்கு சிறுநீரகத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா போன சித்திரையில ஒரே மாசத்துல எங்க வீட்ல ரெண்டு பேர் இதுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சோம். முதல்ல அப்பா, அப்புறம் நான். அப்போ தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன். கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனா பாதி வினை கூச்சத்தாலதான் வந்துச்சு!

அப்பா காரைக்குடியில கல்யாண சமையல் மாஸ்டர். முகூர்த்த நாள்னா நடுராத்திரியே கோட்டை அடுப்பைப் பத்த வச்சாகணும். விறகுத் தீ, சித்திரை வெயில், வேர்வை ஊத்தும். ஆனா தண்ணி குடிக்க மாட்டார். டீ மட்டும்தான். கேட்டா, "கரண்டியைப் போட்டுட்டு எத்தனை தடவைத்தா ஓடுறது?"ன்னுவார்.

ஒருநாள் விடியக்காலையில முதுகுப் பக்கம் ஆரம்பிச்ச வலி அடிவயித்துக்கு இறங்கிடுச்சு. வாந்தி வேற. உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல. அப்பத்தா வாயுத்தொல்லைன்னு நினைச்சு ஓமத்தண்ணி கொடுத்தாங்க. ஸ்கேன் எடுத்தா, சிறுநீர்க்குழாய்ல 7 மில்லிமீட்டர் கல்!

டாக்டர் சொன்ன விளக்கம் இதுதான். நம்ம சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுது. அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் திரும்ப ரத்தத்துக்கே அனுப்பிட்டு, ஒண்ணரை லிட்டர் அளவைத்தான் வெளியேத்துது. வேர்வையில நிறைய நீர் போய், குடிக்கிறதும் குறைஞ்சா, சிறுநீர் கெட்டியாகும். அதுல இருக்கிற கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிகமாகி, கல்லா வளரும். உப்புக்கரைசல் சுண்டினா அடியில உப்பு படியற மாதிரிதான்.

5 மில்லிமீட்டருக்குள்ள இருக்கிற கல் பெரும்பாலும் தானா வெளியேறிடும். வலி மாத்திரையும், குழாயைத் தளர்த்துற மாத்திரையும் கொடுத்துக் காத்திருப்பாங்க. பெருசா இருந்தா வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கலாம், இல்லைன்னா சிறுநீர் போற வழியாவே குழாய் விட்டு லேசர்ல உடைக்கலாம். அப்பாவுக்கு ரெண்டாவதுதான் செஞ்சாங்க. கல்லோட காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீரே வராமப் போனாலோ ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போடக்கூடாதாம்.

வாழைத்தண்டுச் சாறு குடிச்சாக் கரைஞ்சிடும்னு தெருவே வந்து சொல்லிச்சு. டாக்டர்கிட்ட கேட்டேன். வாழைத்தண்டு சாப்பிடலாம், தப்பில்ல, ஆனா கால்சியம் கல்லை அது கரைக்காதுன்னார். யூரிக் அமிலக் கல்லை மட்டும் மருந்து கொடுத்துக் கரைக்க முடியுமாம். இன்னொண்ணு, கால்சியம் கல்லுன்னு பாலை நிறுத்தவும் வேண்டாம். குறைக்க வேண்டியது உப்பைத்தான். (செட்டிநாட்டு சமையல் மாஸ்டர்கிட்ட இதைச் சொன்னப்போ அவர் முகத்தைப் பாக்கணுமே!)

சரி, என் கதைக்கு வரேன். நான் காலையில ஏழரைக்கு பஸ் ஏறினா வீடு திரும்ப அஞ்சு மணி ஆகும். எங்க காலேஜ்ல பொண்ணுங்க கழிப்பறையில பாதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, மத்தியானத்துக்கு மேல தண்ணியும் வராது. அதனால நாங்க கண்டுபிடிச்ச தந்திரம், தண்ணியே குடிக்காம இருக்கிறது. வகுப்புல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள்ல எனக்கு நீர்க்கடுப்பு. எரிச்சல், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை போகணும்ங்கிற உணர்வு. வெளியில சொல்ல வெக்கப்பட்டு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. நாலாம் நாள் குளிர்காய்ச்சல். தொற்று சிறுநீரகத்துக்கே ஏறிடுச்சுன்னு டாக்டர் நல்லாத் திட்டினார்.

பெண்களுக்குச் சிறுநீர் வெளிவர்ற பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு 20 வரைக்கும் இருக்கும். அதனால ஈ கோலி மாதிரிக் குடல் கிருமிகள் எங்களுக்குச் சுலபமா உள்ளே ஏறிடும். அடிக்கடி நீர் போனா அது கிருமியையும் அடிச்சிட்டுப் போயிடும். அடக்கி வச்சா அங்கேயே பெருகும். சிறுநீரைக் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுத்து, எந்த ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும்னு பாத்து, சொன்ன நாள் முழுக்கச் சாப்பிடணும். பாதியில நிறுத்தினா, இல்ல நான் செஞ்ச மாதிரி அரைகுறையாப் போட்டா, தொற்று திரும்ப வரும். அடுத்த தடவை மருந்தும் கேக்காமப் போகலாம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில கிடந்தப்போதான் உறைச்சது. அப்பாவுக்கும் எனக்கும் வியாதி வேற, காரணம் ஒண்ணு. ரெண்டு பேருக்குமே தண்ணி நல்லதுன்னு தெரியும். அப்பாவுக்குப் போக நேரம் இல்ல, எனக்குப் போக இடம் இல்ல. "நிறைய தண்ணி குடிங்க"ன்னு சொல்றவங்க இதைக் கேக்கறதே இல்லையே!

2019-ல கேரளப் பள்ளிகள்ல தண்ணி குடிக்கறதுக்குன்னே மணி அடிக்க ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 2025-ல அது வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா மணியோட தாழ்ப்பாளும் வேணும். வற்றாத ஆறு இல்லாத இந்தச் சீமையில குடிதண்ணிக்கு ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி வச்சாங்க நம்ம முன்னோர்கள். ஒரு தாழ்ப்பாள் போடறதா நமக்குக் கஷ்டம்?

நாங்க ஆறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துடுச்சு. தண்ணி இன்னும் மத்தியானம் வரைக்கும்தான். விடறதா இல்ல, அடுத்த மனு தயார்.

அப்பா இப்போ அடுப்புப் பக்கத்துல ரெண்டு லிட்டர் பாட்டில் வச்சிருக்கார். காலியாச்சான்னு நான் போன் பண்ணிக் கணக்குக் கேப்பேன். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா வரவு செலவு சரி, அடர் மஞ்சளா இருந்தாப் பற்றாக்குறை! (இருதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ இருக்கிறவங்க மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான் குடிக்கணும்.)

தோழிகளே, எரிச்சல் இருந்தா முதல் நாளே அம்மாகிட்ட சொல்லுங்க. நான் நாலு நாள் வெக்கப்பட்டதுக்கு அஞ்சு நாள் ஊசி போட்டாங்க.