கிணறு மட்டும்

மூன்றாம் வருசக் கள ஆய்வுக்காக நாங்கள் ஐந்து பேர், வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து பிறகு காணிக்குத் திரும்பின 23 குடும்பங்களோட கதைச்சிருந்தம். கதைச்சதெல்லாம் கடைசியில் வேர்ட்டில் ஓர் அட்டவணையாக வந்து நின்றது. 23 நிரை, ஏழு நிரல். கடைசி நிரலுக்கு 'குறிப்பு' எண்டு பெயர். ஆக்கள் உண்மையில் சொன்னதெல்லாம் அதுக்குள்ளதான்.

ஏ4 தாளில் இரண்டு பக்க ஓரமும் போக மிஞ்சுவது 15.92 சென்ரிமீற்றர். அதை ஏழாகப் பிரிச்சால் ஒரு நிரலுக்கு 2.27. 'இடம்பெயர்ந்திருந்தார்கள்' என்ற சொல் அதுக்குள்ள அடங்குமா? நடுவில் முறிஞ்சு விழுந்தது. அட்டவணை ஒன்பது பக்கத்துக்கு இழுபட்டது. விரிவுரையாளர் பார்த்திட்டு, "இவ்வளவு நீளமாப் போட ஏலாது, சுருக்குங்கோ" எண்டார்.

ஒப்படைக்கிறதுக்கு முதல் கிழமை, இரவு ஒரு மணிக்கு, எங்களில் ஒருத்தர் வழி கண்டுபிடிச்சார். ரேபிள் புரொப்பட்டீஸில் நிரையின் உயரம் 1.5 சென்ரிமீற்றர், பக்கத்தில் 'எக்ஸாக்ட்லி'. ஒன்பது பக்கம் இரண்டாச்சுது. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, பார்க்கவே வடிவு. நித்திரைக் கண்ணோட எல்லாரும் கை தட்டினம். ஒருத்தரும் வாசிக்கேல்லை.

அடுத்த நாள் ஒரு பிரதியை, முதலாவதாக எங்களோட கதைச்ச அம்மாவிடம் கொண்டு போனம். காட்டுறம் எண்டு சொல்லியிருந்தனாங்கள். பேத்தி அவவின்ட நிரையைச் சத்தமா வாசிச்சாள். "வீடில்லை, கிணறு மட்டும்." அதோட நிப்பாட்டினாள்.

"கிணறு மட்டும் என்ன?" எண்டு அம்மா கேட்டா.

எங்களிட்ட மறுமொழி இல்லை. அவ எங்களுக்குச் சொன்னது, "வீடில்லை, கிணறு மட்டும் கிடந்தது. அதுக்குள்ள கல்லு, பனங்கொட்டை, ஆரோ எறிஞ்ச சப்பாத்து" எண்டு.

திரும்பி வந்து லப்டொப்பைத் திறந்து பார்த்தம். அந்தப் பெட்டிக்குள் இருந்ததை எடுத்து வேற பக்கத்தில் ஒட்டினால் முழுதும் வந்தது. அழியேல்லை. 'எக்ஸாக்ட்லி' எண்டால் சொன்ன உயரத்துக்கு மேல ஒரு புள்ளியும் காட்டாது, கூடின வரிகளை மறைச்சுப்போடும். ஒரு எச்சரிக்கையும் வராது. எண்ணிப் பார்த்தம், 23இல் 19 குறிப்புகள் இப்படி வெட்டுப்பட்டிருந்தது. சுருக்கச் சொன்னவரில் பிழை பிடிக்கவும் மனம் வரேல்லை, அச்சடிச்சது நாங்கள்தானே.

'அட் லீஸ்ட்' எண்டு மாற்றினால் பெட்டி எழுத்தோட சேர்ந்து வளரும். அட்டவணைக்கு முன்னும் பின்னும் செக்ஷன் பிரேக் போட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் கிடையாகத் திருப்பினம் (பிரேக் போடாமல் திருப்பி முழு அறிக்கையும் படுத்தது வேற கதை). அகலம் 24.62 ஆச்சுது. ஆண்டு எழுதுற நிரல்களுக்கு 1.8 தாராளம், குறிப்புக்கு ஒன்பது குடுத்தம். நிரை பக்கம் தாண்டி முறியாமலும், தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் வாற மாதிரியும் செய்தம். ஆறு பக்கம் வந்தது. விரிவுரையாளரிடம், இதுக்குக் கீழ குறைக்க மாட்டம் எண்டு சொன்னம். கொஞ்சநேரம் தாளைப் பார்த்திட்டு, "சரி, விடுங்கோ" எண்டார்.

புதுப் பிரதியோட திரும்பவும் போனம். பேத்தி சப்பாத்து வரைக்கும் வாசிச்சு முடிச்சாள். அம்மா தலையாட்டினா.

"இப்ப இறைச்சுத் துப்பரவாக்கிட்டம். அதையும் எழுதுங்கோ."